கையைத் தூக்க முடியுதா பாஸ்?

கொஞ்சம் எழுந்து நில்லுங்க. வலது கையைத் தூக்கி இடது தோளைத் தொடுங்க. அப்படியே குனிஞ்சு ஷூ லேஸைத் தொடுங்க. முடிஞ்சுதா? ஓகே, உட்காரலாம். இந்த ரெண்டு அசைவும் கட்டுரை முடியுற வரைக்கும் நமக்குத் தேவைப்படும்.

இப்போ உங்க ஃபேவரைட் கேம் ஹீரோவை மனசுல கொண்டு வாங்க. 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' ஆடினவங்களுக்கு அந்த 'டேட்ரிக்' கவசம் மறக்காது. கறுப்பு இரும்பு, உள்ளே நெருப்பு மாதிரி சிவப்பு, தோள் ரெண்டிலும் எருமைக் கொம்பு சைஸுக்கு முள்! அதை மாட்டிக்கிட்டு நம்ம ஆள் ஓடுவார், குதிப்பார், டிராகன் மேல பாய்வார். அதே கவசத்தை அச்சு அசலா இரும்புல அடிச்சு உங்களுக்கு மாட்டிவிட்டா என்ன ஆகும்? கையைத் தூக்கின முதல் செகண்டே தோள் முள்ளு காதைப் பதம் பார்க்கும். குனிஞ்சா வயித்துத் தகடு தொடையில் குத்தும். லேஸ் கட்டுறது அடுத்த ஜென்மத்துலதான்.

கேம்ல மட்டும் ஏன் அப்படி ஆகறதில்லை? அங்கே தகடு தகடுக்குள்ளேயும், உடம்புக்குள்ளேயும் சத்தமில்லாம புகுந்து வெளியே வந்துடும். டிசைனர்கள் இதை 'கிளிப்பிங்'னு சொல்வாங்க. அடுத்த தடவை ஆடும்போது ஹீரோவை உட்கார வெச்சு இடுப்புப் பக்கம் கேமராவைச் சுத்திப் பாருங்க, கையும் களவுமா பிடிச்சுடலாம். பிக்சலுக்கு வலிக்காது. நமக்கு வலிக்கும்.

இந்தப் பேச்சு இப்போ எதுக்குன்னா, காஸ்ப்ளே ஜுரம் நம்ம ஊருக்கும் வந்தாச்சு. இந்தியாவோட முதல் காமிக் கான் 2011-ல் டெல்லியில் நடந்தது. சென்னைக்கு அது வர 2024 பிப்ரவரி வரைக்கும் காத்திருந்தோம். நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் வீரர்களும் அரக்கர்களும் கியூவில் நின்னு டிக்கெட் காட்டின அந்தக் காட்சியைப் பார்த்தவங்க பலர், ஹாஸ்டலுக்குத் திரும்பி யோகா மேட்டை வெட்ட ஆரம்பிச்சிருப்பீங்க. அந்த ஃபோம் வேலையில் தப்பே இல்லை. லேசா இருக்கும், சீக்கிரம் முடியும், பஸ்ஸிலும் ஏத்தலாம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்துக்கு நியூசிலாந்தின் வெட்டா பட்டறை செஞ்ச கவசங்களிலேயே, முதல் பிரதியை ஸ்டீலில் அடிச்சுட்டு, அதிலிருந்து அச்சு எடுத்து பிளாஸ்டிக்கில்தான் கூட்டத்துக்குப் போட்டுவிட்டாங்க.

ஆனா ஒவ்வொரு காலேஜிலும் ஒருத்தர் ரெண்டு பேர் இருப்பீங்க. 'நிஜ ஸ்டீல்லயே அடிச்சா என்ன?' அப்படின்னு ராத்திரி தூக்கம் வராம புரள்ற ஆட்கள். இது அவங்களுக்கு.

அந்த ஆட்களை முதல்ல கூட்டிட்டுப் போக வேண்டிய இடம் காஞ்சிபுரம் பக்கத்துல இருக்கு.

புள் விழுந்த ஊர்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போற ரூட்டில் பாலுசெட்டி சத்திரம் வரும். அதை ஒட்டி உள்ளே இருக்கிற ஊர் திருப்புட்குழி. புள் என்றால் பறவை, குழி என்றால் குழிதான். சீதையைத் தூக்கிட்டுப் போன ராவணனோட சண்டை போட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமர் இறுதிக் கடன் செஞ்ச இடம் இதுதான்னு ஊர் நம்பிக்கை. (கும்பகோணம் பக்கம் புள்ளபூதங்குடியிலும் இதே கதையைச் சொல்வாங்க. நாம பஞ்சாயத்துக்குப் போக வேண்டாம்.) 108 திவ்யதேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில், எதிரே ஜடாயு தீர்த்தம்.

கவசப் பிரியர்களுக்கு இந்தக் கதையில் ஒரு ஸ்பெஷல் உண்டு. வால்மீகி ராமாயணத்தின் ஆரணிய காண்டத்தில் ஜடாயு சும்மா கொத்திட்டுப் போகலை. ராவணனோட வில்லை முறிக்கிறார், நெருப்பு மாதிரி ஜொலிச்ச அவனோட கவசத்தைச் சிறகாலேயே அடிச்சுச் சிதறவிடுறார், தேரையும் நொறுக்குறார். கேமர் பாஷையில் சொன்னா, ஆர்மரை முழுசா காலி பண்ணிட்டுத்தான் தோத்தார்.

நான் உங்களை அங்கே அனுப்புறது அதுக்காகவும் இல்லை, ஒரு குதிரைக்காக.

கோயிலில் ஒரு மரக் குதிரை வாகனம் இருக்கு. மத்த ஊர்க் குதிரை வாகனங்கள் முன்னங்காலைத் தூக்கினபடி விறைப்பா நிற்கும். இது அப்படி இல்லை. பாகம் பாகமா செஞ்சு இணைச்சது. தோளில் தூக்கிட்டுப் போகும்போது உடம்பு அசைய, நிஜக் குதிரை வர்ற மாதிரியே இருக்கும். இதைச் செஞ்ச தச்சர், 'இதே மாதிரி இன்னொண்ணு எனக்கும் செஞ்சு கொடு'ன்னு மத்தவங்க கேட்டப்போ மறுத்து, கடைசியில் உயிரையே விட்டார் என்கிறது ஊர்க் கதை. அந்த விசுவாசத்துக்காக, பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் பெருமாளே அந்தக் குதிரையில் ஏறி, தச்சர் வாழ்ந்த வீதிக்குப் போய் வர்றார்.

ஏன் இந்தக் குதிரை முக்கியம்? மரத்தைக் குதிரை மாதிரி செதுக்குறது ஒரு திறமை. அதை அசைய வைக்கிறது வேற திறமை. கவசத்திலும் இதே கதைதான். சிங்க முகம், கொடி, முள் எல்லாம் அடிச்சுடலாம். மூட்டுதான் கஷ்டம்.

நிற்கிறவருக்குச் செய்யும் சட்டை

நம்ம ஊர்ல கவசத்துக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளிக் கவசம், தங்கக் கவசம், ஸ்ரீரங்கத்து முத்தங்கின்னு சுவாமிகளுக்கு எத்தனை எத்தனை! தாமிரத்திலும் பித்தளையிலும் அடிச்சு மெருகு ஏத்துறதும் உண்டு. வேலை நடக்கிற விதம் இதுதான். சிலையை அளவெடுத்து, தகட்டை வெட்டி, அரக்குக் கலவை ஊத்தின படுக்கை மேல பதிய வைப்பாங்க. அரக்கு சூட்டில் இளகும், ஆறினா இறுகும். அதனால உளி அடிக்கும்போது தகடு கிழியாம, அடிச்ச இடத்தில் மட்டும் இறங்கும். பின்பக்கமிருந்து தட்டி உருவத்தை எழுப்பி, திருப்பிப் போட்டு முன்பக்கம் நுணுக்கம் சேர்ப்பாங்க. தட்டத் தட்டத் தகடு விறைச்சுப் போகும். மறுபடி சூடு காட்டி இளக்கி, மறுபடி தட்டணும். தஞ்சாவூர் கலைத்தட்டு பார்த்திருப்பீங்களே, அதில் இருக்கிற வெள்ளி உருவங்களுக்கும் அடிப்படை இதே அரக்கு வித்தைதான்.

அழகுல அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனா ஒரு விஷயம் கவனிச்சீங்களா? சுவாமி அசைய மாட்டார். மார்புத் தகடு, கைத் தகடு, பாதத் தகடுன்னு தனித்தனியா பொருத்திட்டா போதும். கையைத் தூக்க வேண்டாம், குனிய வேண்டாம். ஆக, கேம் ஹீரோவுக்கும் மூலவருக்கும் ஒரு ஒற்றுமை... ரெண்டு பேருக்கும் மூட்டுப் பிரச்னை கிடையாது! கர்ணனுக்கும்தான். அவருக்குக் கவசம் உடம்போட பிறந்தது, தோலே மூட்டு. நடுவுல மாட்டிக்கிட்டது நீங்க மட்டும்தான்.

இறாலைக் கேளுங்க

மூட்டுக்குத் தீர்வு வேணும்னா மீன் மார்க்கெட் போங்க. இறாலோட முதுகைப் பாருங்க. சின்னச் சின்ன வளையத் தகடுகள், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிற்கும். வளைச்சா தகடு ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும், நிமிர்த்தினா விரியும், நடுவுல சதை வெளியே தெரியாது. 15-ம் நூற்றாண்டு ஐரோப்பியக் கொல்லர்கள் முழங்கைக்கும் முழங்காலுக்கும் செஞ்சது அச்சு அசல் இதைத்தான். நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு முழங்கை மூடி. மேலேயும் கீழேயும் குறுகிய பட்டைத் தகடுகள். ஓரத்தில் ரிவெட். அந்த ரிவெட்டை இறுக்கி அடிக்காம, தகடு அதைச் சுத்தித் திரும்புற அளவுக்கு லூஸா விடுவாங்க. சில இடங்களில் துளையை வட்டமா போடாம நீள வாய் மாதிரி வெட்டுவாங்க, ரிவெட் அதுக்குள்ள வழுக்கிப் போகும். உள்பக்கம் தோல் வார் வெச்சுத் தகடுகளைக் கோர்க்கிறதும் உண்டு.

அப்படிச் செஞ்ச முழுக் கவசம் சுமார் 15-லிருந்து 25 கிலோ. மூச்சு முட்டும்னுதானே நினைக்கிறீங்க? எடை உடம்பு முழுக்கப் பரவி நிற்கிறதால, பழகினவங்க ஓடலாம், குதிரை ஏறலாம், கீழே விழுந்தா தானா எழுந்திருக்கலாம். வீரரைக் கிரேன் வெச்சுத் தூக்கினாங்கன்னு சொல்றதெல்லாம் சுத்த கப்ஸா. 'டார்க் சோல்ஸ்' ஆடினவங்களுக்கு எக்விப் லோடு ஏறினா ஆள் எப்படி மூட்டை மாதிரி உருளுவார்னு தெரியும். அந்த எடைக் கணக்கு மட்டும் நிஜத்திலும் உண்டு. இன்ஜினீயரிங் மக்கள் போட்டுப் பாருங்க. ஸ்டீலின் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். ஒரு சதுர மீட்டர், 1.2 மில்லிமீட்டர் கனத் தகடு என்றால் 9.4 கிலோ. உங்க உடம்போட மேற்பரப்பு ரெண்டு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மீதியை நீங்களே பெருக்கிக்குங்க. அப்புறம் சென்னை மே மாசத்தையும் சேர்த்துக் கூட்டிக்குங்க!

நம்ம சீதோஷ்ணத்துக்கு முழுத் தகடு ஒத்துவராதுன்னு இந்தியாவுக்கும் தெரிஞ்சுதான் இருந்தது. இரும்பு வளையங்களைக் கோர்த்த சட்டை, நடுநடுவே தகடு என்கிற முறைதான் இங்கே அதிகம். அதோட உச்சத்தைப் பார்க்கணும்னா இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போகணும். ராயல் ஆர்மரீஸ் மியூசியத்தில் ஒரு யானைக் கவசம் நிற்குது. ஆமா, யானைக்கு! சென்னை மாகாண கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி இங்கிருந்து கொண்டுபோனது, 1801-ல் அங்கே போய்ச் சேர்ந்தது. முதலில் 8,439 தகடுகள் இருந்ததாம். இப்போ மிச்சம் 5,840. அதுவே 118 கிலோ. தகடுகளை வளையம் வளையமா கோர்த்திருக்காங்க. நடுநடுவே யானை, தாமரை, மீன்னு புடைப்பு வேலை. முதல்ல அசையணும், அப்புறம் அழகு. யானை நடக்கலைன்னா மீன் இருந்து என்ன பிரயோஜனம்?

அவ்வளவு தூரம் விசா எடுக்க முடியாதவங்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்க. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச் சாலையிலிருந்து வந்த ஆயுதங்கள் அங்கே இருக்கு. கவசத்துக்குச் சங்கத் தமிழில் 'மெய்ம்மறை'ன்னு ஒரு பேர் உண்டு, பதிற்றுப்பத்தில் வருது. மெய்யை மறைப்பது மெய்ம்மறை. எவ்வளவு கச்சிதம்! இரும்புக்கும் நாம புதுசு இல்லை. நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செஞ்ச உலைகளைத் தோண்டி எடுத்திருக்காங்க. தென்னிந்திய உருக்கை லண்டனுக்கு வரவழைச்சு அதோட ரகசியம் என்னன்னு மண்டையைக் குடைஞ்சவர்களில் ஒருத்தர், உங்க பிசிக்ஸ் புத்தகத்து மைக்கேல் ஃபாரடே.

ஒரு செமஸ்டர், ஒரு முழங்கை

சரி, எங்கே ஆரம்பிக்கிறது? முழுக் கவசம் செய்யறேன்னு கிளம்பினா மூணாம் வாரத்துல தகடு கட்டிலுக்கு அடியில போயிடும். ஒரே ஒரு முழங்கை மட்டும் செய்யுங்க. மூட்டுப் பாடம் முழுக்க அதுலயே இருக்கு.

முதல் ஒரு வாரம் இரும்பையே தொடாதீங்க. பழைய காலண்டர் அட்டை எடுங்க. கையில் சுத்தி, வெட்டி, ஃபைலுக்குப் போடுற டேக்கை ரிவெட்டுக்குப் பதிலா கோர்த்து மாட்டிப் பாருங்க. இப்போ அந்த முதல் டெஸ்ட்... இடது தோளைத் தொட முடியுதா? இடிக்குதா? இடிக்கிற இடத்தை வெட்டுங்க, இடைவெளி தெரியுற இடத்தில் இன்னொரு பட்டை சேருங்க. நாலு அட்டை வீணாகும், ஆகட்டும். அட்டையில் அசையாதது இரும்பில் சத்தியமா அசையாது.

அப்புறம் தகடு. ஹார்டுவேர் கடையில் சி.ஆர். ஷீட்னு கேளுங்க. 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் போதும். கூரைக்குப் போடுற ஜி.ஐ. ஷீட் மலிவா கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க. அதோட துத்தநாகப் பூச்சைச் சூடு பண்ணினா வர்ற புகையை இழுத்தா காய்ச்சல், குளிர், வாந்தின்னு படுத்த படுக்கைதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பளபளன்னு கூப்பிடும். ஆனா தட்டத் தட்ட சீக்கிரமே கெட்டியாகி முரண்டு பிடிக்கும். முதல் வேலைக்கு வேண்டாம்.

தட்டுறதுக்குப் பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. புளியமரக் கட்டை ஒண்ணு வாங்கி, தலையில் கிண்ணம் மாதிரி குழி பண்ணிக்குங்க. குண்டுத் தலைச் சுத்தியலால் தகட்டோட உள்பக்கத்தை அந்தக் குழிக்குள் தட்டுங்க. ஓங்கி நாலு அடி கிடையாது, ஒரே சீரா நானூறு அடி. ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுத்திச் சுத்தி வரணும். ஒரே இடத்தில் அடிச்சா தகடு மெலிஞ்சு ஓட்டையாகும். உருவம் வந்ததும், பார்க்க அசிங்கமா அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். பயப்படாதீங்க. உருண்டையான இரும்புத் தலை மேல கவிழ்த்து, வழவழப்பான சுத்தியலால் வெளியிலிருந்து லேசா தட்டினா தழும்பு ஒண்ணோட ஒண்ணு கலந்து சமமாகும். பாத்திரப் பட்டறையில் குடத்தோட நெளிவு எடுக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? அதே வேலைதான்.

சொல்லப்போனா அந்தப் பட்டறைதான் உங்களுக்கு நிஜ காலேஜ். வீடியோவில் சுத்தியல் தெரியும், கை எவ்வளவு தளர்வா இருக்குன்னு தெரியாது. போய், 'மாஸ்டர், ஒரு தகடு தட்டணும், சொல்லித் தர்றீங்களா?'ன்னு கேளுங்க. கவசம், கேம்னு கதை அளந்தா சிரிப்பார். அட்டை மாடலைக் காட்டுங்க, அப்புறம் சிரிக்க மாட்டார். ஆயிரம் அடி அடிச்ச கைக்கு மூட்டைப் பார்த்தவுடனே எங்கே தப்புன்னு தெரிஞ்சுடும். போகும்போது காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி ரெண்டும் எடுத்துட்டுப் போங்க. பட்டறையில் ஒருத்தரும் போட்டிருக்க மாட்டாங்க, நீங்க போடுங்க. வெட்டின தகட்டு ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், அதை அரம் போட்டு மழுக்குறதுக்கு முன்னாடி கையில் மாட்டவே கூடாது.

பூ வேலை

மூட்டு அசைஞ்சாச்சா? இனிமே உங்க கேம் ஆசையை அவிழ்த்து விடலாம். இ.சி.இ. மக்களுக்கு இங்கே ஒரு லாட்டரி. சர்க்யூட் போர்டு அரிக்க லேப்பில் வெச்சிருக்கிற ஃபெரிக் குளோரைடு ஸ்டீலையும் அரிக்கும். வேண்டாத இடத்தை நெயில் பாலிஷால் மூடி, வேண்டிய கோலத்தை மட்டும் திறந்து விட்டா, கோடு அப்படியே பள்ளமாகும். 16-ம் நூற்றாண்டு ஐரோப்பியக் கவசங்களில் இருக்கிற கொடியும் பூவும் இதே மாதிரி அமிலம் அரிச்சதுதான். கையுறை கட்டாயம். மிச்சத்தை சிங்க்கில் ஊத்தக் கூடாது, லேப் அசிஸ்டென்ட்கிட்ட ஒப்படைச்சுடுங்க.

கலர் வேணுமா? பெயின்ட் வேண்டாமே. பாலிஷ் பண்ணின ஸ்டீலை மெதுவா சூடாக்கினா அதுவே நிறம் மாறும். 220 டிகிரி பக்கம் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, கருஞ்சிவப்பு, 300-ஐ நெருங்கும்போது மயில்கழுத்து நீலம். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் பார்க்கிற அதே மயில்கழுத்து! வேண்டிய நிறம் வந்த நொடியில் சூட்டை நிறுத்தணும், அஞ்சு செகண்ட் அசந்தா சாம்பலாயிடும். டேட்ரிக் கறுப்புதான் வேணும்னா, இன்னும் சூடாக்கி எண்ணெய் தடவினா கறுத்துப் போகும். திறந்த வெளியில் செய்யுங்க, ஹாஸ்டல் ரூமில் செஞ்சுட்டு வார்டன்கிட்ட என் பேரைச் சொல்லாதீங்க.

முள் வெச்சே தீருவேன்னு அடம் பிடிக்கிறவங்க அதைத் தோளோட உச்சியில் வைக்காம, கொஞ்சம் வெளியே தள்ளி வைங்க. அப்புறம் மறுபடி கையைத் தூக்கிப் பாருங்க. வாள் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆயுதச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. விழாக்களிலும் உலோகப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும், விதிமுறையைப் படிக்காம 10 கிலோவைத் தூக்கிட்டுப் போய் வாசலில் நிற்காதீங்க.

அடுத்து எந்த உறுப்புக்குச் செய்யறதுன்னு குழப்பமா இருந்தா பாட்டியைக் கந்தசஷ்டி கவசம் சொல்லச் சொல்லிக் கேளுங்க. கண், காது, கழுத்து, மார்பு, தொடை, முழந்தாள், கணைக்கால்னு ஒரு உறுப்பு விடாம வேலைக் காவல் வெச்சுக்கிட்டே போவார் தேவராய சுவாமிகள். கவசக் கொல்லருக்கு இதைவிட நல்ல செக்-லிஸ்ட் கிடையாது.

அந்தத் தச்சர் கதைக்கு ஒரு நிமிஷம் திரும்புவோம். அவருக்குக் கிடைச்ச மரியாதை எந்த ராஜாவுக்கும் கிடைக்காதது, சந்தேகமில்லை. ஆனா அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அடுத்த வீதிப் பையன்தான் ஞாபகத்துக்கு வர்றான். அந்த மூட்டை எப்படிப் போட்டார்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்ட ஒரு பையன் அப்போ கட்டாயம் இருந்திருப்பான். அவன் யார்கிட்ட போய்க் கேட்டிருப்பான்? அதனால ஒரு ரிக்வெஸ்ட். உங்க காலண்டர் அட்டை இருக்கே, இடிச்ச இடம், வெட்டின இடம், சேர்த்த பட்டை எல்லாத்துலயும் அளவு எழுதி ஜெராக்ஸ் போட்டு, ஜூனியர் கையில் கொடுத்துட்டு பாஸ்-அவுட் ஆகுங்க. மாஸ்டர் சொல்லித் தந்தது எதுவோ அதையும், அவர் பேரோட சேர்த்து.

கவசத்தைக் கழட்டின உடனே வியர்வையைத் துடைச்சு, மெஷின் ஆயில் தடவி வைங்க. நம்ம ஊர் ஈரக்காத்துல ஒரே ராத்திரியில் துரு பூத்துடும்.

திருப்புட்குழியில் பிரம்மோற்சவம் மாசி மாசம். எட்டாம் நாள் குதிரை வாகனம். கூட்டத்தில் எல்லாரும் பெருமாளைப் பார்த்துக் கும்பிடுவாங்க, நீங்களும் கும்பிடுங்க. அப்புறம் கொஞ்சம் கீழே பார்வையை இறக்கி, அந்த மரம் எந்த இடத்தில் இணைஞ்சிருக்குன்னு பாருங்க. பாக்கெட்டில் ஒரு துண்டு அட்டையும் பென்சிலும் இருக்கட்டும்.